புது ஆதார் இருந்தால்தான் முகவரி மாற்றமா? செட்டிநாட்டு வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேலாளர் அவர்களுக்கு,

"முகவரி மாற்றத்துக்குப் புதிய முகவரி உள்ள ஆதார் கட்டாயம். வேறு ஆவணம் ஏற்கப்படமாட்டாது." காரைக்குடியிலும் சுற்று ஊர்களிலும் சில கிளைகளின் கவுண்ட்டர் கண்ணாடியில் இப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தாள் ஒட்டாத கிளைகளில் இதே பதில் வாய்மொழியாக வருகிறது. வீடு மாறி வந்தவர் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வாங்குவதில்லை. வாங்கினாலும் தேதி போட்டு ஒப்புகை தருவதில்லை. "ஆதாரை மாத்திட்டு வாங்க, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிரலாம்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

வங்கி, தபால், ரேஷன், வாக்காளர் பட்டியல் என்று இந்த வட்டாரத்தின் படிவங்களோடு அன்றாடம் புழங்குகிறவர்கள் நாங்கள். வயதானவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறோம். தப்பாக எழுதியதைத் திருத்திக் கொடுக்கிறோம். அதனால் நேராகவே சொல்கிறோம்: அந்தத் தாளில் இருப்பது ரிசர்வ் வங்கியின் விதி அல்ல.

வாடிக்கையாளரின் அடையாளத்தையும் முகவரியையும் வங்கி சரிபார்ப்பதைத்தான் கேஒய்சி என்கிறார்கள். 2016-இல் வந்து, பின்பு திருத்தப்பட்டும் 2025-இல் புதிதாகத் தொகுக்கப்பட்டும் இருக்கும் ரிசர்வ் வங்கியின் கேஒய்சி நெறிமுறை இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. வேறு எதுவும் மாறாமல் முகவரி மட்டும் மாறியிருந்தால், வாடிக்கையாளரிடம் சுய உறுதிமொழி பெற வேண்டும். பதிவான மின்னஞ்சல், பதிவான மொபைல் எண், ஏடிஎம், நெட் பேங்கிங், செயலி, கடிதம் என எந்த வழியிலும் அவர் அதைத் தரலாம். சொன்ன முகவரி சரிதானா என்று இரண்டு மாதத்துக்குள் உறுதிசெய்துகொள்வது வங்கியின் பொறுப்பு. அந்த முகவரிக்குச் சரிபார்ப்புக் கடிதம் அனுப்பலாம், ஆள் அனுப்பிப் பார்க்கலாம், செக் புத்தகம் போன்ற ஒன்றை அனுப்பி அது சேர்ந்ததா என்று பார்க்கலாம். அதாவது அலைய வேண்டியது தபால், வாடிக்கையாளர் அல்ல.

நீங்கள் சொல்லக்கூடிய ஒரு பதில் எங்களுக்கும் தெரியும். வங்கி விரும்பினால் முகவரிச் சான்றின் நகலையும் கேட்கலாம் என்று அதே நெறிமுறையில் இருக்கிறது. இருக்கிறதுதான். ஆனால் அப்படிக் கேட்பதாக இருந்தால், வங்கியின் இயக்குநர் குழு ஏற்ற கேஒய்சி கொள்கையில் அது தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டால் கவுண்ட்டரில் யாரும் காட்டுவதில்லை. அப்படியே எழுதியிருந்தாலும் ஆதார் ஒன்றுதான் செல்லும் என்று சொல்ல முடியாது. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை ஆகியவையும் அதே பட்டியலில் உள்ள அதிகாரபூர்வ ஆவணங்கள்தான். அவற்றில் புது முகவரி இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு மேல் பழசாகாத மின்கட்டண, தொலைபேசி அல்லது குடிநீர் ரசீது, வீட்டுவரி ரசீது, முகவரி உள்ள அரசு ஓய்வூதிய ஆணை, வேலை கொடுத்த நிறுவனத்தின் குடியிருப்பு ஒதுக்கீட்டுக் கடிதம் ஆகியவற்றில் ஒன்றை ஏற்றுக்கொண்டு, நடப்பு முகவரி உள்ள ஆவணத்தை மூன்று மாதத்துக்குள் தரச் சொல்லலாம். முதியோர் உதவித்தொகை போன்ற நேரடி மானியம் வாங்குகிறவரிடம் ஆதார் கேட்கலாம். ஆனால் ஆதாரில் உள்ள முகவரியும் குடியிருக்கும் முகவரியும் வேறு என்று அவர் எழுதிக் கொடுத்தால் அதையும் ஏற்க இடம் இருக்கிறது. பொதுவாக வங்கிக் கணக்கோடு ஆதாரைக் கட்டாயமாக இணைக்கச் சொல்வது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26-இல் சொல்லிவிட்டது.

"ஆதாரை மாற்றுவது சுலபம்தானே, மாற்றிவிட்டுப் போகட்டுமே" என்று தோன்றலாம். இந்த ஊர்களில் ஏன் அது சுலபமில்லை என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆதாரில் முகவரிக்கு இடம் ஒன்றுதான். உங்கள் கணக்குப் படிவத்தில் நிரந்தர முகவரி, தபால் முகவரி என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. இரண்டும் வேறாக இருக்கலாம் என்பதால்தான் இரண்டு கட்டங்கள். பள்ளத்தூரில் பூர்வீக வீடு, காரைக்குடி பர்மா காலனியில் வாடகை வீடு என்று வாழும் குடும்பங்கள் இங்கே எத்தனை என்று உங்கள் கிளைக் கணக்குகளைப் பார்த்தாலே தெரியும். அவர்களுக்குப் பள்ளத்தூர்தான் நிரந்தரம். அங்கே வீட்டில் பங்கு இருக்கிறது, கோயிலில் புள்ளி (குடும்பப் பதிவு) இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்காகவோ ஆஸ்பத்திரி பக்கம் என்றோ காரைக்குடியில் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது தபால் முகவரி என்ற ஒரு கட்டத்தில் மட்டும் மாற்றம். நீங்கள் கேட்கும் ஆதார் மாற்றமோ அவர்களுடைய ஒரே முகவரியையே பிடுங்கிவிடுகிறது. வாடகை வீடு அடுத்த ஆண்டே மாறும். அப்போது மறுபடியும் ஆதாரா?

ஆதார் மாற்றத்துக்கான சான்றுகளைப் பாருங்கள். வாடகைக்கு இருப்பவரிடம் மின்ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. வீட்டுவரி ரசீதும் அப்படியே. வாடகை ஒப்பந்தம் எழுதித் தர வீட்டுக்காரர்கள் பலர் யோசிக்கிறார்கள். முன்பணத்துக்குத் துண்டுச் சீட்டுகூடத் தராத வீடுகள் உண்டு. மிச்சம் என்ன? புகைப்படம் ஒட்டி, கிளையின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள வங்கிப் பாஸ்புத்தகம். அது ஆதாருக்குச் செல்லும் சான்று. அந்தப் பாஸ்புத்தகத்தில் புது முகவரியை அச்சிட்டுத் தர நீங்கள் ஆதாரைக் கேட்கிறீர்கள்! ஆதார் மையம் பாஸ்புத்தகத்தைக் கேட்கிறது, பாஸ்புத்தகம் ஆதாரைக் கேட்கிறது. இடையில் நிற்கிறவர் எழுபது வயது ஆச்சியாக இருந்தால் இரண்டாவது நடையிலேயே விட்டுவிடுகிறார். கட்டணம் வேறு. 2025 அக்டோபர் முதல் முகவரித் திருத்தத்துக்கு 75 ரூபாய். சான்று செல்லாது என்று நிராகரித்தால் பணம் திரும்பாது. குடும்பத் தலைவர் வழியாக மாற்றும் வசதி 2023-இல் வந்தது, நல்லதுதான். ஆனால் குடும்பத் தலைவர் தன் ஆதாரில் அதே புது முகவரியை வைத்திருக்க வேண்டும், முப்பது நாளுக்குள் இணையத்தில் ஒப்புதல் தர வேண்டும். அவருடைய ஆதாரும் பள்ளத்தூரில் இருந்தால் இந்த வழியும் அடைபடுகிறது.

மின்ரசீது பற்றி ஒரு சின்ன விஷயம். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட ரசீது வேண்டும் என்று நீங்கள் சொல்லும்போது, எந்த நேரத்திலும் ஒருவர் கையில் செல்லக்கூடிய ரசீது ஒன்றே ஒன்றுதான் இருக்கும். "அதுக்கு முந்தினதும் கொண்டாங்க" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

சரி, பழைய முகவரியே இருந்துவிட்டுப் போனால் என்ன? மொபைலுக்குத்தான் குறுஞ்செய்தி போகிறதே என்றும் சொல்கிறார்கள். தபால் இங்கே எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு ஒரு தெருவில், அடுப்படிக் கட்டின் பின்வாசல் அடுத்த தெருவில். வீட்டில் யாராவது குடியிருந்தால் பெரும்பாலும் பின்கட்டில்தான் இருப்பார்கள். முகப்புக் கதவு விசேஷத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் திறப்பது. தபால்காரர் முகப்புக்கு வருகிறார், பூட்டு தொங்குகிறது. சாதாரணக் கடிதமானால் கம்பி இடைவெளியில் போட்டுவிட்டுப் போகிறார். அது திண்ணைக்கு உள்ளே புறாச் சாணத்தின் மேல் விழுந்து கிடக்கும். அடுத்த முறை பங்காளிகள் யாராவது வந்து கதவைத் திறக்கும்போது கரையான் பாதி தின்றிருக்கும். கையெழுத்து வாங்க வேண்டிய தபாலானால் 'வீடு பூட்டியிருக்கிறது' என்று எழுதி அறிவிப்புச் சீட்டு போட்டுவிட்டு அஞ்சலகத்துக்கு எடுத்துப் போகிறார். ஏழு நாள் அங்கே இருக்கும். யாரும் வராவிட்டால் அனுப்பியவருக்கே, அதாவது உங்களுக்கே திரும்புகிறது. காவலுக்கு இருப்பவர் வாங்கி வைத்தாலும், பத்துப் பதினைந்து பங்காளி வீட்டில் யாருடையது என்று தெரிவது தனிப் பிரச்சினை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது இங்கே வழக்கம். ஒரே வீட்டில் மூன்று மெய்யப்பன்கள் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது முன்னால் உள்ள இனிஷியல் எழுத்துகள்தான். உங்கள் மென்பொருளில் 'முதல் பெயர், கடைசிப் பெயர்' கட்டத்துக்காக அந்த எழுத்துகளைச் சிலர் தூக்கிவிடுகிறார்கள். பிறகு தபால் எந்த மெய்யப்பனுக்கு?

2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. பெயருக்கு உரியவர் கையில்தான் சேர வேண்டும் என்றால், விரைவுத் தபாலில் பதிவு என்ற கூடுதல் சேவையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதைக் கேட்காமல் அனுப்பினால் முகவரியில் இருப்பவர் யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டு வாங்கலாம். முகவரி தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் கடிதம் சேர்ந்ததாகவே ஆகக்கூடும். 1897-ஆம் ஆண்டு பொது விதிகள் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, சரியான முகவரி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியதைச் சார்பு செய்ததாகவே, அதாவது உரியவரிடம் சேர்த்ததாகவே கொள்கிறது. உங்கள் ஏட்டில் உள்ள முகவரிதான் சரியான முகவரி என்று உங்கள் வழக்கறிஞர் வாதிடுவார். நகைக்கடன் ஏல அறிவிப்பு பூட்டிய முகப்புக்குப் போய்த் திரும்பி வந்த பிறகு, எனக்குத் தகவலே இல்லை என்று கவுண்ட்டரில் வந்து அழுகிறவரிடம் உங்கள் ஊழியர்கள் காட்டுவது அந்த உறையைத்தான்.

லாக்கர் விஷயம் இதைவிடப் பெரிது. இந்த ஊர்களில் லாக்கர் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டாம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த லாக்கர் விதிகளின்படி, ஏழு ஆண்டு இயக்கம் இல்லாமல் ஆளையும் கண்டுபிடிக்க முடியாமல் போனால், வாடகை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் லாக்கரை உடைக்க வங்கிக்கு உரிமை உண்டு. மூன்று ஆண்டு தொடர்ந்து வாடகை நின்றாலும் உடைக்கலாம். அதற்கு முன் கடிதம், மின்னஞ்சல், குறுஞ்செய்தி; கடிதம் திரும்பினால் ஆங்கிலத்தில் ஒன்றும் உள்ளூர் மொழியில் ஒன்றுமாக இரண்டு பத்திரிகைகளில் அறிவிப்பு. மகன் கோலாலம்பூரில், மகள் சென்னையில், ஆச்சி காரைக்குடி வாடகை வீட்டில் என்றிருந்தால், கண்டுபிடிக்க முடியாதவர் ஆகிவிடுவது யார்? தன் புது முகவரியை எழுதிக் கொண்டுவந்து நீட்டி, 'ஆதார் மாற்றிவிட்டு வாங்க' என்று திருப்பி அனுப்பப்பட்ட அந்த ஆச்சிதான்.

இயங்காத கணக்குக்கும் இதுவே கதி. இரண்டு ஆண்டு வாடிக்கையாளர் பக்கம் பரிவர்த்தனை இல்லாவிட்டால் கணக்கு இயங்காததாகிறது. பத்து ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் விழிப்புணர்வு நிதிக்குப் போகிறது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி ஆண்டுக்கு ஒருமுறையாவது தகவல் தர வேண்டும். கடிதம் திரும்பினால் ஆளையோ நாமினியையோ வாரிசையோ விசாரித்துத் தேட வேண்டும். 2025 ஜூனில் வந்த கேஒய்சி திருத்தமோ, புதுப்பிக்கும் தேதிக்கு முன் மூன்று முறை, தாண்டிய பின் மூன்று முறை நினைவூட்ட வேண்டும், இரண்டு கட்டத்திலும் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும் என்கிறது. ரிசர்வ் வங்கி கடிதத்தை இன்னும் நம்புகிறது. அந்தக் கடிதம் போகிற முகவரியைத் திருத்த மட்டும் உங்கள் கிளையில் வழியில்லை.

வீடு மாறுகிறவர்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும், மறுக்கவில்லை. நாங்கள் அவர்களுக்குச் சொல்கிற வரிசை இது. முதலில் பழைய வீட்டுக்குப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தில், தபாலைப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் உள்ள பெரியவர்கள் ஒவ்வொருவர் பெயரும் கையெழுத்தும் அதில் வேண்டும். இது தற்காலிக ஏற்பாடு; கூரியர்காரர்களை இது கட்டுப்படுத்தாது. அடுத்து வங்கி, காப்பீடு. பங்குப் பத்திரம் இன்னும் காகிதமாக வைத்திருப்பவர்கள் நிறுவனத்தின் பதிவாளருக்கு ஐஎஸ்ஆர்-1 படிவம் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஏழு ஆண்டு வாங்காத டிவிடெண்டோடு பங்கும் அரசு நிதிக்குப் போய்விடும். வண்டி ஆர்சியில் முப்பது நாளுக்குள். வாக்காளர் பட்டியலுக்கு படிவம் 8. புது வாக்காளருக்கான படிவம் 6-ஐப் போட்டு, வேறெங்கும் பெயர் இல்லை என்று தெரிந்தே தவறாக எழுதிக் கொடுத்தால் அது குற்றம். ஆதார், இடம் நிலைத்த பிறகு. இந்த வரிசையில் இரண்டாவது படியிலேயே நீங்கள் கதவடைத்தால், பாஸ்புத்தகத்தைச் சான்றாகக் காட்ட வேண்டிய மற்ற இடங்களிலும் வேலை நின்றுபோகிறது.

மாற்றத்தை ஏற்றுக்கொள்கிற கிளைகளிலும் அது அரைகுறையாகவே நடக்கிறது. வாடிக்கையாளர் தகவல் கோப்பில் முகவரியைத் திருத்துகிறார்கள். லாக்கர் பதிவேடு, நகைக்கடன், டிமேட் (மின்னணுப் பங்குக் கணக்கு) ஆகியவற்றில் பழையதே நிற்கிறது. கிரெடிட் கார்டு பெரும்பாலும் தனி நிறுவனம். அங்கே தனியாகச் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. கூட்டுக் கணக்கில் தபால் முதல் பெயருக்குரியவர் முகவரிக்குப் போகிறது. முதல் பெயர் இறந்துபோன செட்டியாருடையதாக இருந்தால், ஆச்சி தன் முகவரியை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை.

தட்டச்சு செய்யும்போது நடக்கும் பிழைகள் தனி. பூர்வீக வீட்டு முகவரி பழைய தாள்களில் இராமநாதபுரம் மாவட்டம் என்றிருக்கும். 1985-க்குப் பிறகு ப.மு.தே. (பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர்) மாவட்டம், 1997-க்குப் பிறகு சிவகங்கை. ஒரு காலத்தில் காரைக்குடியின் பின்கோடே 623 என்றுதான் தொடங்கியது. பழைய வைப்புச் சீட்டைப் பார்த்து அப்படியே ஏற்றினால் கடிதம் ராமநாதபுரம் பக்கம் போய்ச் சுற்றிவிட்டு வரும். 2024-இல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூரும் கண்டனூரும் அதில் சேர்ந்தன. அதற்காகக் கோட்டையூர் முகவரிக்கு 630001 போட்டுவிடக் கூடாது. பின்கோடு உள்ளாட்சியைப் பார்த்து வருவதில்லை. எந்த அஞ்சலகம் பட்டுவாடா செய்கிறதோ அதைப் பார்த்து வருகிறது. 1972 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய நாளிலிருந்து முறை அதுதான்: கடைசி மூன்று இலக்கம் பட்டுவாடா அஞ்சலகம். கோட்டையூர் 630106, கண்டனூர் 630104. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் செட்டிநாடு 630102, கானாடுகாத்தான் 630103. ரயில் நிலையத்துக்குச் 'செட்டிநாடு' என்று பெயர் இருப்பதால் கானாடுகாத்தான் வீட்டுக்கு 102 போடுவது அடிக்கடி நடக்கிறது.

சுப்பிரமணியபுரத்தில் வீதிகளுக்கு எண்தான் பெயர். வடக்கு, தெற்கு என்று பக்கமும் உண்டு. உங்கள் திரையில் முகவரி வரிக்கு எழுத்து வரம்பு இருக்கிறது. வரி நிரம்பியதும் வெட்டுப்படுவது அந்த 'வடக்கு'தான். வெட்டுப்பட்டால் வீதி எண்ணும் கதவு எண்ணும் சரியாக இருந்தும் தபால் தவறான வீட்டுக்குப் போகும். முதல் வரியில் கதவு எண்ணும் மாடியா கீழா என்பதும், இரண்டாம் வரியில் வீதி முழுசாகவும், மூன்றாம் வரியில் பகுதியும் அஞ்சலகமும் போட்டாலே போதும். கதவு எண்ணில் பழையது, புதியது இரண்டும் வேண்டும். 'பிள்ளையார் கோயில் எதிரில்' என்பதைக் கடைசியாக வையுங்கள். இங்கே பிள்ளையார் கோயில் இல்லாத தெரு எது?

மோசடி பயம் என்ற உங்கள் கவலையை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. முகவரியை மாற்றி, செக் புத்தகம் கேட்டு வாங்கி, பணத்தை எடுத்துப் போகிறவர்கள் உண்டு. அதற்கு ஆதார் தடுப்பு அல்ல. உறுதிமொழி வந்த அன்றே பழைய முகவரிக்கும் பதிவான மொபைலுக்கும் தகவல் அனுப்புங்கள். சரிபார்ப்புக் கடிதம் சேர்ந்த விவரம் வரும்வரை புது முகவரிக்கு செக் புத்தகமோ கார்டோ அனுப்பாமல் நிறுத்தி வையுங்கள். முகவரியையும் மொபைல் எண்ணையும் ஒரே நாளில் மாற்றக் கேட்டால் கூடுதலாக விசாரியுங்கள். கையெழுத்தை மாதிரியோடு ஒப்பிடுங்கள். சரிபார்ப்புக் கடிதத்துக்கு ஓடிபி பட்டுவாடா சேவையையும் சேர்த்துக்கொண்டால் யார் கைக்குப் போனது என்பதும் தெரியும். அதற்கு அஞ்சல் துறை வாங்குவது ஐந்து ரூபாயும் ஜிஎஸ்டியும்.

எனவே நாங்கள் கேட்பது:

ஆதார் கட்டாயம் என்ற அறிவிப்பை எடுத்துவிடுங்கள். முகவரி மாற்றத்துக்கு என்னென்ன செல்லும் என்று தமிழில் எழுதி வையுங்கள். சுய உறுதிமொழி முதல் வரியாக இருக்கட்டும். அதற்கு ஒரு பக்கத்தில் தமிழ்ப் படிவம் அச்சிட்டுக் கவுண்ட்டரில் வையுங்கள்; நிரந்தர முகவரி, தபால் முகவரி இரண்டும் தனித்தனிக் கட்டமாக, 'தபால் முகவரி மட்டும் மாற்றுக' என்று டிக் போட இடத்தோடு.

கூடுதல் சான்று கேட்பதாக இருந்தால் உங்கள் வங்கியின் கேஒய்சி கொள்கையில் அந்தப் பகுதியைக் காட்டுங்கள். காட்ட முடியாததைக் கேட்காதீர்கள்.

படிவமோ கடிதமோ வாங்கியதும் தேதி, முத்திரையோடு ஒப்புகை தாருங்கள். இது உங்கள் தயவு அல்ல. பெற்ற தேதியோடு ஒப்புகை தர வேண்டும் என்று கேஒய்சி நெறிமுறையிலேயே இருக்கிறது. கணக்கு தேவகோட்டைக் கிளையில், ஆள் காரைக்குடியில் என்றால் காரைக்குடிக் கிளையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கிளையிலும் கேஒய்சியைப் புதுப்பிக்க வசதி வேண்டும் என்பதும் அதே விதி. முகவரி மட்டும் மாறியவரின் உறுதிமொழியை வங்கி முகவர்கள் வழியாகவும் பெறலாம் என்று 2025 ஜூனில் அனுமதி வந்திருக்கிறது. கிராமங்களில் அதை நடைமுறைப்படுத்துங்கள். எழுபது வயது தாண்டியவர்களின் கேஒய்சி தாள்களை வீட்டுக்கே வந்து வாங்கும் வசதியை ரிசர்வ் வங்கி 2017-லேயே சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது; எந்த எண்ணில் கூப்பிட்டால் வருவீர்கள் என்பதை எழுதி வையுங்கள்.

மாற்றத்தை ஒரே மூச்சில் லாக்கர், நகைக்கடன், வைப்பு, டிமேட் எல்லாவற்றிலும் செய்யுங்கள். எங்கெல்லாம் மாறியது, எங்கே வாடிக்கையாளர் தனியாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாள் கொடுங்கள். பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தில் புது முகவரியை அச்சிட்டு, புகைப்படத்தின் மேல் படும்படி முத்திரையிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பேனாவால் அடித்துத் திருத்தியதை எந்த அலுவலகமும் ஏற்பதில்லை.

திரும்பி வரும் உறைகளை மூலையில் கட்டி வைக்காதீர்கள். உறை வந்த அன்றே வாடிக்கையாளர் தகவல் கோப்பில் 'தபால் திரும்பியது' என்று குறித்து, மொபைலுக்கோ நாமினிக்கோ பேசுங்கள். லாக்கரோ நகைக்கடனோ உள்ள கணக்காக இருந்தால், அந்த முகவரிக்கு அடுத்த அறிவிப்பை அனுப்புவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

இந்த மடலின் பிரதியை ஒவ்வொரு கிளையிலும் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குகிறோம். கொடுத்த தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். பதில் வராத கிளைகளைப் பற்றி, சம்பந்தப்பட்ட வாடிக்கையாளர்கள் தங்கள் உறுதிமொழிக் கடிதத்தின் நகலோடு ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் தனித்தனியாகப் புகார் பதிவுசெய்வார்கள். படிவத்தை நாங்கள் நிரப்பித் தருவோம்.

இப்படிக்கு,
காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் படிவம் எழுதித் தருகிறவர்கள்